ஐந்து முறை சொன்னால் போதும் என்றால் பயிற்றுநர் எதற்கு?

தேன்கனிக்கோட்டை மேட்டுக்காடு:
ஓசூர் நண்பர் ஒருவர் நேற்று இங்கே, "மாலினாய் போன்ற புத்திசாலி நாய் இனத்துக்கு எதையும் ஐந்து முறை சொன்னால் போதும், பயிற்றுநருக்குப் பணம் கொடுப்பவன் ஏமாளி" என்று எழுதியிருந்தார். அந்த ஏமாளிகளில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதுகிறேன். என்னிடம் 14 மாத மாலினாய் இருக்கிறது. அதற்கு ஐந்து முறை தேவையில்லை, ஒரே முறை போதும். ஆனால் அது கற்பதெல்லாம் நமக்கு வேண்டாதவை. வாயிற்கதவின் தாழ்ப்பாளை நான் தூக்கியதை ஒரு நாள் பார்த்தது. மறுநாள் காலையில் பக்கத்துப் பட்டியின் ஆடுகள் அத்தனையும் எங்கள் மாந்தோப்பின் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு முன்னால், பாராட்டை எதிர்பார்த்து, இது படுத்திருந்தது. பெல்ஜியத்தில் ஆடு மேய்க்க உருவாக்கிய இனம் வேலை கொடுக்காவிட்டால் தானே வேலை தேடிக்கொள்ளும் என்பதைப் பட்டிக்காரரின் வசவிலிருந்துதான் அறிந்தேன்.

ஓசூர்வாசி:
ஐந்து என்பது என் கற்பனையன்று. உளவியலாளர் ஸ்டான்லி கோரன் 1994-இல் வெளியிட்ட தரவரிசையில், முதல் பிரிவு இனங்கள் புதிய கட்டளையை ஐந்துக்கும் குறைவான முறைகளில் புரிந்துகொள்ளும் என்றும், முதல் தடவை சொன்னதுமே 95 விழுக்காடு கீழ்ப்படியும் என்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் இதைப் படிக்காதவர்கள்தாம் பயிற்றுநரிடம் போகிறார்கள்.

மேட்டுக்காடு:
படித்தவர் பட்டியலை முழுதாகப் படித்திருக்கலாம். முதல் பிரிவில் பத்து இனங்களே உள்ளன. பார்டர் கோலி முதலிடம், கொஞ்சி வளர்க்கும் சுருள்முடிப் பூடில் இரண்டாமிடம், ஜெர்மன் ஷெப்பர்டு மூன்றாமிடம். மாலினாய் அந்தப் பத்தில் இல்லை. இரண்டாம் பிரிவில்தான் இருக்கிறது, அதற்கு அவர் சொல்லும் கணக்கு ஐந்து முதல் பதினைந்து முறை. அந்தத் தரவரிசையே வட அமெரிக்கக் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கேட்டுத் தொகுத்தது. அதை நம்பி நடப்பதானால் முதலில் ஒரு பூடிலைத் தோப்புக் காவலுக்கு அமர்த்துங்கள்.

ஓசூர்வாசி:
ஐந்து முதல் பதினைந்து என்றால் ஐந்தும் அதில் அடங்கும்தானே? ஆக நான் சொன்னது சரி.

பாலக்கோடு ஆசிரியை:
ஐந்தோ பதினைந்தோ, எந்த இடத்தில் என்று இருவரும் சொல்லவில்லையே. எங்கள் ஷெப்பர்டு வீட்டு முற்றத்தில் மூன்றாம் முறையே உட்கார்ந்தது. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் அதே கட்டளையை, அதே குரலில் சொன்னேன். என்னை முன்பின் பார்த்திராததைப்போல நின்றது. ஓரிடத்தில் கற்றதை மற்றோர் இடத்துக்கு நாய் தானாகப் பெயர்த்துக்கொள்ளாது, இடம் மாறும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பயிற்றுநர்தான். ஆனால் அவர் "சிட்", "ஸ்டே" என்று பழக்கிவிட்டுப் போனார். என் மாமியாரோ "உட்காரடா கண்ணு" என்கிறார். நாய் இருவரையும் மாறிமாறிப் பார்க்கிறது.

ஓசூர்வாசி:
எங்கள் வீட்டில் தெலுங்கில் "கூர்ச்சோ" என்கிறோம், உடனே உட்காருகிறது. நாய்க்கு ஆங்கிலம் பேசுவது வெட்டிப் பெருமை.

மேட்டுக்காடு:
எங்கள் வட்டத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறோம். வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எந்த மொழி என்பது நாய்க்குக் கவலையில்லை. தெலுங்குக்குப் பெருமை தேடித் தருவதைக் கவிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தருமபுரி ஓய்வுபெற்ற காவலர்:
நான் மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றியவன். எங்கள் துறையில் நாயை மட்டும் தனியாகப் பயிற்சிக்கு அனுப்புவதில்லை. கையாளும் காவலரும் உடன் சென்று மாதக்கணக்கில் தங்கிக் கற்பார், ஏனெனில் பாதிப் பயிற்சி மனிதனுக்குத்தான். நாயைக் கொட்டடியில் ஒரு மாதம் விட்டுவிட்டுப் பணம் கட்டித் திரும்ப வாங்குவது, துணியைச் சலவைக்குப் போடுவது போன்றது.

ஓசூர்வாசி:
இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட கொட்டடிக்காரர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தவரே தாங்கள்தான். 18,000 ரூபாய் கட்டினேன். திரும்பி வந்த நாய், நான் இடுப்பு வாரைக் கழற்றினாலே சிறுநீர் விட்டது. அதற்குப் பிறகுதான் ஐந்து முறைக் கொள்கைக்கு வந்தேன்.

காவலர்:
எண் கொடுப்பது வேறு, பரிந்துரைப்பது வேறு. மாதம் முழுவதும் ஒரு முறையேனும் போய்ப் பார்த்தீர்களா?

ஓசூர்வாசி:
பார்க்க வரக் கூடாது என்றார்கள்.

மேட்டுக்காடு:
அங்கேயே நாயைத் திரும்ப அழைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் நால்வரைப் பார்த்த பிறகே ஒருவரைத் தேர்ந்தேன். முதலாமவர் கழுத்தை இறுக்கும் சங்கிலியோடு வந்தார். இரண்டாமவர் மின்னதிர்ச்சிப் பட்டையைப் பெருமையாகக் காட்டினார். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள் என்றேன், அவர் வேல்ஸ் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். மூன்றாமவர் ஒரே மாதத்தில் முடித்துத் தருவதாக எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார். நான்காமவரோ முதல் அரை மணி நேரம் நாயைத் தொடவேயில்லை. எத்தனை மணிக்குச் சோறு, யார் வைப்பது, பகலில் அதற்கு என்ன வேலை என்று என்னைத்தான் துருவித் துருவிக் கேட்டார். பிறகு சட்டைப்பையில் அவித்த கோழித் துண்டுகளோடு வந்து, நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பரிசு கையிலிருந்து போக வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தார். நான் தாமதித்தபோதெல்லாம் திட்டு எனக்கே விழுந்தது. இப்போது தினமும் மாலையில் தோப்பில் ஒரு பழைய கையுறையை ஒளித்து வைக்கிறேன், அது மோந்து கண்டுபிடித்துக் கொண்டுவருகிறது. அந்த வேலை கிடைத்த பிறகு தாழ்ப்பாளை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அரூர்க்காரன்:
நம்மூர் வேட்டை நாயான சிப்பிப்பாறைக்கு எந்தப் பயிற்றுநர் முயல் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்?

மேட்டுக்காடு:
முயலைக் கண்டதும் ஓடுவது அதன் பிறவிக் குணம். கூப்பிட்டதும் திரும்பி வருவதுதான் பயிற்சி. தங்கள் சிப்பிப்பாறை சென்ற ஆடியில் ஓடியது, திரும்பி வந்ததா?

அரூர்க்காரன்:
அது வேறு விஷயம்.

காவலர்:
என் பெயர் இங்கே கெட்டுவிட்டது. அந்த 18,000 ரூபாயில் ஒரு ரூபாயும் நான் வாங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மேட்டுக்காடு:
ஓசூர் நண்பர் ஞாயிற்றுக்கிழமை தோப்புக்கு வரட்டும். கையுறையைக் கீழே போடச் சொல்லி என் நாயிடம் ஐந்து முறை மட்டும் சொல்லட்டும். ஆறாம் முறை சொல்லக் கூடாது.

ஓசூர்வாசி:
வருகிறேன், தெலுங்கில்தான் சொல்வேன். அது இருக்கட்டும், ஐந்து என்பது ஐந்து முதல் பதினைந்துக்குள் அடங்குமா அடங்காதா என்ற கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.