ஃபாத்திமியூன் படையில் ஆப்கானிய அகதிகள் சேர்ந்தது ஏன்?

செந்தூல் வாசகர்:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் சிரிய உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசவிருக்கிறேன். அசாத் அரசுக்காகப் போரிட்ட வெளிநாட்டவருள், ஈரானின் புரட்சிக் காவல் படை உருவாக்கிய ஃபாத்திமியூன் பிரிவினரை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. அவர்கள் சிரியர்களும் அல்லர், ஈரானியர்களும் அல்லர். பெரும்பாலோர் ஈரானில் அகதிகளாக வாழ்ந்த ஹசாரா இனத்து ஷியா ஆப்கானியர்கள். தமக்கு உறவில்லாத ஒரு நாட்டின் ஆட்சியாளருக்காக அவர்கள் உயிரைக் கொடுத்தது மதப்பற்றினாலா, பணத்திற்காகவா, வற்புறுத்தலாலா?

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்:
மூன்றுக்கும் சான்று உண்டு, ஐயா. ஆனாலும் ஈரானில் அந்த மனிதர்கள் எந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து உங்கள் பேச்சைத் தொடங்குவதே நல்லது என்பேன். அப்போது ஈரானில் இருந்த சுமார் 3 மில்லியன் ஆப்கானியர்களில் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேருக்குத்தான் அகதி என்ற சட்டப்பூர்வ அங்கீகாரம் இருந்தது. மற்றவர்களில் பலர் கட்டுமானத் தளங்களில் வேலை செய்துகொண்டு, எந்த நாளும் பிடிபட்டு நாடு கடத்தப்படலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர்கள். அத்தகைய ஒருவரிடம் வசிப்பு உரிமையும் மாதச் சம்பளமும் தருவதாகச் சொல்லிப் போருக்கு அழைத்தால், அவர் மறுப்பதற்கு எவ்வளவு இடம் இருக்கும்? மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், சிலர் நம்பிக்கையால் தாமாகச் சேர்ந்ததாகவும், சிலர் வசிப்பு ஆவணத்துக்காகச் சேர்ந்ததாகவும், வேறு சிலர் நாடு கடத்தப்படுவார்கள் என்று மிரட்டப்பட்டதாகவும் பதிவாகியுள்ளது. போரில் இறந்த வெளிநாட்டவரின் குடும்பங்களுக்குக் குடியுரிமை வழங்க வழிசெய்யும் சட்டத்தை ஈரான் நாடாளுமன்றம் அதே ஆண்டு மே மாதம் நிறைவேற்றியது. உயிரோடு உழைத்தவருக்குக் கிடைக்காத உரிமை, அவர் இறந்த பிறகு குடும்பத்துக்குக் கிடைக்கும் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. மலேசியாவில் குடியுரிமை கிடைக்காமல், நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை அடைந்த நம் பெரியவர்களை அறிந்தவர்களுக்கு, ஒரு துண்டு ஆவணத்தின் கனம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். மனித உரிமைகள் கண்காணிப்பகமே 2017 அக்டோபரில், சிரியாவில் இறந்த ஆப்கானியர்களின் கல்லறைகளை ஆராய்ந்து, 14 வயதுச் சிறுவர்கள்கூடப் போரில் இறந்திருப்பதைக் கண்டறிந்தது.

ஆயர் ஈத்தாம் ஆசிரியை:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; எனினும் நம்பிக்கையை ஒரு சாக்காக மட்டும் கருதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீப் நகரைக் கைப்பற்றிய தாலிபான்கள் ஹசாராக்களைப் பெருந்தொகையில் கொன்றனர். ஷியாக்கள் என்பதற்காகவே தம் உறவினரைப் பறிகொடுத்த ஒரு சமூகத்திடம், டமாஸ்கஸின் தெற்கே இருக்கும், ஷியாக்கள் புனிதமாகப் போற்றும் நபிகளின் பேத்தி சையிதா சைனபின் அடக்கத்தலத்தைத் தீவிரவாதிகள் தகர்க்க வருகிறார்கள் என்று சொன்னபோது, அது உண்மையாகவே நெஞ்சில் தைத்தது. அந்த உணர்வு அவர்களுடையது. அதைப் பயன்படுத்திக்கொண்டது மற்றவர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்:
நீங்கள் சொல்வது நியாயம், அம்மா. ஆனால் அந்தத் தலத்தைக் காக்கச் சென்றவர்கள் அலெப்போவிலும் பல்மைராவிலும் முன்னணிக் காலாட்படையாக நிறுத்தப்பட்டார்கள். அவை அத்தலத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. படையை நிறுவிய அலி ரெசா தவசோலியே 2015 பிப்ரவரியில், நாட்டின் தென்கோடியிலுள்ள தெரா பகுதியில்தான் கொல்லப்பட்டார். காவல் என்று சொல்லி அழைத்தது ஓரிடம், போரிடவைத்தது வேறிடம்.

பட்டர்வொர்த் மூத்தவர்:
ஈழத்து உறவினர் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1989இல் இந்திய அமைதிப்படையின் துணையோடு வடகிழக்கு மாகாண அரசின் தரப்பில் தமிழ்த் தேசிய இராணுவம் அமைக்கப்பட்டபோது, அதற்காக இளைஞர்கள் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படை முற்றாக வெளியேறியது. தலைவர்களில் பலர் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளோ புலிகளிடம் அகப்பட்டார்கள். இரண்டு போர்களின் காரணங்களும் வேறு. ஆயினும் வெளிநாடு ஒன்று தன் தேவைக்குப் படை திரட்டும்போது, அது விலகும் நாளில் அப்படையினருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை உங்கள் பேச்சில் கட்டாயம் எழுப்புங்கள்.

செந்தூல் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. அப்படியானால் 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி வீழ்ந்த பிறகு இவர்களின் கதி என்ன?

பிரிக்பீல்ட்ஸ் நண்பர்:
ஈரானோடு சேர்ந்த படைகள் பெரும்பாலும் போரிடாமலே சிரியாவை விட்டு வெளியேறின. தாலிபான் ஆளும் ஆப்கானிஸ்தானுக்குத் திரும்புவது, ஷியாவாகவும் ஈரானுக்காகப் போரிட்டவராகவும் அறியப்பட்ட ஒருவருக்குப் பாதுகாப்பானதன்று. ஈரானோ 2025ஆம் ஆண்டில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட ஆப்கானியர்களைத் திருப்பி அனுப்பியது. வாக்களிக்கப்பட்ட ஆவணம் கைக்கு வராத முன்னாள் வீரர்களின் நிலையைப் பற்றியே நீங்கள் அதிக நேரம் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.