பினாங்கு போறேன், போட்டோவும் சாப்பாடும்தான் ப்ளான்... ஒரு டவுட்

தறிச்சத்தம்:
வணக்கம் மக்களே, நமக்கு சேலம் அம்மாப்பேட்டை. அடுத்த மாசம் திருச்சியில ஃப்ளைட் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, ஜார்ஜ் டவுன்ல 4 நாள். தெருத்தெருவா நடந்து படம் எடுக்கணும், கண்ணுல பட்டத சாப்பிடணும், அவ்ளோதான். ப்ராக்டிஸ் பண்ணலாம்னு நேத்து ராத்திரி முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு தட்டுவடை செட் கடையில எடுத்தேன், பீட்ரூட் கேரட் துருவல், பச்சை சட்னி, சிவப்பு சட்னி எல்லாம் கலர் அள்ளுது, ஆனா எல்லா படத்துலயும் குறுக்கால கறுப்பு பட்டை பட்டையா வருது. கடைக்கார அண்ணன் வேற "வாங்குனா வாங்கு, இல்லன்னா தள்ளி நில்லு தம்பி"ன்னுட்டாரு. அங்கயும் இதே கதைதானா?

ஏற்காட்டு_மூடுபனி:
பட்டைக்கு காரணம் கடை பல்பு. மலிவு எல்ஈடி நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல செகண்டுக்கு 100 தடவ துடிக்கும். சத்தம் வரக்கூடாதுன்னு எலக்ட்ரானிக் ஷட்டர்ல வச்சிருப்பீங்க, கரெக்டா? மெக்கானிக்கலுக்கு மாத்தி ஷட்டர் ஸ்பீட 1/100 செகண்ட்ல வைங்க, இருட்டா இருந்தா 1/50. மலேசியாலயும் 50 ஹெர்ட்ஸ்தான். அப்புறம் ஏசி ரூம்ல இருந்து வெளிய வந்த உடனே லென்ஸ் வேர்த்துக்கும், கேமராவ கொஞ்ச நேரம் பையிலயே விடுங்க.

செவ்வாப்பேட்டை_பொடியன்:
அந்த அண்ணன் சொன்னது நியாயம்தானுங்க 😄 மொதல்ல வாங்கி சாப்பிடுங்க, அப்புறம் எடுங்க. நான் போனப்ப லிட்டில் இந்தியாவுல ஒரு அக்கா "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டாங்க, அங்க டிபனுக்கு அதான் வார்த்தை, கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. நாசி கண்டார் கட்டாயம் சாப்பிடுங்க, அந்தக் காலத்துல நம்ம தமிழ் முஸ்லிம்கள் காவடி மாதிரி தோள்ல கம்பு வச்சு ரெண்டு பக்கமும் சோறு குழம்பு தொங்கவிட்டு வித்ததுதான் அது. "பஞ்சிர்"னு சொன்னா எல்லா குழம்பையும் கலந்து சோறு முங்குற மாதிரி ஊத்துவாங்க, பஞ்சிர்னா வெள்ளம். பசெம்பூர்னு ஒண்ணு, வடை போண்டா மாதிரி ஐட்டத்த வெட்டி வெள்ளரிக்காய் துருவல் போட்டு மேல இனிப்பும் காரமுமா சாஸ், நம்ம செட்டுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன்னு வைங்க. கடல் மேல மரக்கால் நட்டு கட்டுன சீனர் வீடுங்க இருக்கு, அங்க மட்டும் வாசல்ல நின்னு உள்ள எட்டி எடுக்காதீங்க, ஜனங்க குடியிருக்காங்க.

தறிச்சத்தம்:
1/100 வச்சேன், பட்டை காணோம்!! இன்னிக்கு ரெண்டு செட் வாங்கிட்டுதான் கேமராவையே வெளிய எடுத்தேன். படத்த காட்டுனா அண்ணன் ரொம்ப நேரம் பாத்துட்டு "தட்டு மட்டும்தான் இருக்கு, நான் எங்க?"ங்கறாரு. நாளைக்கு மறுபடி போகணும்.