உதவி தேவை: கடலோரக் கடைக்கு நாமே கோர்க்கும் மெக்கானிக்கல் கீபோர்டு கிட், 6000 ரூபாய்க்குள் எது?

தங்கச்சிமடம் டைப்பிங் கடை:

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மீன்வளத்துறைக்கு மனு, படகுப் பதிவு, பட்டா மாறுதல் என்று நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிற வேலை. அடிப்பது தமிழ்99 முறையில். சாதா கீபோர்டு எதுவும் இங்கே நிலைப்பதில்லை. முதலில் ஒன்றிரண்டு எழுத்து விழாது, அப்புறம் ஒரு வரிசையே போய்விடும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட கோடுகள் கறுத்துக் கிடக்கும். ஒரு கீ போனதற்காக முழுக் கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

கிட் வாங்கிக் கோர்த்தால் பழுதானதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். 6000 வரை செலவு செய்வேன். அலுமினியமா பிளாஸ்டிக்கா, எந்த அளவு, எந்த சுவிட்ச்? ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் நிவாரண விண்ணப்பத்துக்குக் கூட்டம் வரும். அதற்குள் தயாராக வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் நிறைய அடிப்பேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் முகாம்:

தம்பி, கீபோர்டு வீடியோக்களில் எல்லாரும் ஓசையைப் பற்றியே பேசுவார்கள். உங்கள் ஊருக்கு அது இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது உள்ளே எந்த உலோகம் எங்கே இருக்கிறது என்பதுதான். தீவில் கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வரும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கு அரிப்புதான் காரணம். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்திருப்பதும் சும்மா இல்லை.

சுவிட்சுகளைப் பிடித்துக்கொள்ளும் தகட்டை பிளேட் என்பார்கள். மலிவு கிட்டுகள் பலவற்றில் அது பெயின்ட் அடித்த இரும்பு. சுவிட்ச் உட்காரும் துளை விளிம்பில் பெயின்ட் உரிந்ததும் அங்கேதான் துரு தொடங்கும். எஃப்ஆர்4 அல்லது பாலிகார்பனேட் பிளேட் உள்ள கிட்டை எடுங்கள். எஃப்ஆர்4 என்பது கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும். உங்கள் ஊர் ஃபைபர் வள்ளத்தில் இருக்கும் அதே கண்ணாடி இழைதான், பிசின் மட்டும் வேறு. துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. விற்பவர் பிளேட் என்னவென்று எழுதவில்லை என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். பார்சல் வந்ததும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

அலுமினியக் கேஸ் அழகு, கனம், நல்ல ஓசை எல்லாம் உண்மை. ஆனால் இரும்புத் திருகு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். இரண்டு உலோகம் ஒட்டி இருந்தால் கடல் காற்றில் ஒன்று மற்றொன்றுக்காகத் தேயும். அதனால் பிளாஸ்டிக் கேஸே போதும். காசும் மிச்சம். கிட்டோடு வரும் திருகுகளுக்குப் பதில் அதே அளவில் ஸ்டெயின்லெஸ் திருகுகள் தேடிப் போடுங்கள்.

தொண்டி பலகை:

மண்டபம் அண்ணன் சொன்னதோடு அளவையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்99-ல் ச, ஞ இரண்டும் சதுர அடைப்புக்குறிக் கீகளில் இருக்கின்றன. ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். எனவே 40% பலகையை (முழுக் கீபோர்டில் எத்தனை பங்கு என்று அளவைச் சொல்வது வழக்கம்) திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், ச அடிக்கவே இடம் இருக்காது. 60%-ல் எழுத்தெல்லாம் இருக்கும், அம்புக்குறிகள் இருக்காது. சில 61 கீ பலகைகளில் சாய்கோட்டுக் கீயையே மேல் அம்பாகவும் வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்கு மாறிவிட்டால் ழ வராமல் கர்சர் மேலே ஓடும்.

65%-ல் அம்புகள் உண்டு. எண்களுக்குத் தனியாக ஒரு நம்பர் பேட் செருகிக்கொள்ளுங்கள். 96% அளவில் எண்களும் சேர்ந்தே வரும், ஆனால் விலை ஏறும். நம்பர் பேட் தனியாக இருந்தால் கெடும்போது அதை மட்டும் மாற்றலாம். உங்கள் தேவையே அதுதானே.

குறிப்பாகக் கேட்டால் ஜிஎம்கே67 கிட்டைச் சொல்வேன். பிளாஸ்டிக் கேஸ், 65%, ஹாட்ஸ்வாப் (ஈயப் பற்று வைக்காமலே சுவிட்சைக் கழற்றி மாட்டலாம்). (பெயரைப் பார்த்து கீயின் மேல் மாட்டும் மூடியான கீகேப் செய்யும் ஜெர்மனியின் ஜிஎம்கே கம்பெனி என்று நினைக்க வேண்டாம், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) கீ மாற்றி அமைக்கும் வயா மென்பொருள் இதில் வேலை செய்யாது. அதற்கு விண்டோஸில் பவர்டாய்ஸ் மென்பொருள் போதும். கீக்ரான் வி1-ல் வயா உண்டு, கட்டுமானமும் உறுதி. ஆனால் அதன் பிளேட் இரும்பு, சுவிட்சும் கீகேப்பும் சேர்த்தால் உங்கள் கணக்கையும் மீறும்.

ஹாட்ஸ்வாப் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சில மலிவுப் பலகைகளின் சாக்கெட்டில் மெல்லிய கால் கொண்ட அவுட்டெமு சுவிட்ச் மட்டும்தான் நுழையும். செர்ரி கம்பெனி கொண்டுவந்த எம்எக்ஸ் வகை எல்லாமும் ஏற்கும் 5 பின் சாக்கெட் என்று எழுதியிருக்க வேண்டும். 3 பின் சுவிட்ச் அதில் தாராளமாக உட்காரும்.

கீழக்கரை வாசி:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. உப்புதான் எதிரி என்றால் உலோகத் தொடர்பே இல்லாத ஹால் எஃபெக்ட் பலகை எடுக்கலாமே? சுவிட்சுக்குள் காந்தம், பலகையில் சென்சார். கறுக்கவோ பச்சை பூக்கவோ அங்கே எதுவும் இல்லை.

மண்டபம் முகாம்:

நல்ல யோசனைதான் பாய், நானும் மதிக்கிறேன். ஆனால் சென்சார் போனால் தம்பி கையில் ஒன்றுமில்லை, பலகையையே மாற்ற வேண்டும். சாதாரண சுவிட்சை அதில் போடவும் முடியாது. சாதா எம்எக்ஸ் வகை என்றால் எந்தக் கம்பெனி சுவிட்சும் பொருந்தும். செர்ரியின் காப்புரிமை 2014 வாக்கில் முடிந்ததிலிருந்து கேட்டரான், கைல், அவுட்டெமு என்று ஊருக்கு ஊர் கிடைக்கிறது. பழுது பார்க்க முடிவதே இவருக்குப் பெரிய விஷயம்.

உப்புக்குச் சரியான நடுவழி கைல் பாக்ஸ் சுவிட்ச். உலோகத் தொடர்பு ஒரு சிறு பெட்டிக்குள் மூடியிருக்கும், தூசிக்கும் தண்ணீர்த் தெறிப்புக்கும் ஐபி56 தரம். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிப்பவர் நீங்கள். அதனால் டிக் டிக் என்று கத்தும் ஒயிட் வேண்டாம், ரெட் அல்லது பிரவுன் எடுங்கள். கிட்டுக்கு 3000, சுவிட்சுக்கு 1800, கீகேப்புக்கு 1000 என்று பிரித்தால் மீதியில் கிரீஸும் திருகும் வாங்கலாம். சுவிட்ச் பத்துப் பதினைந்து கூடுதலாக வாங்குங்கள். தமிழ்99-ல் வ, ங தவிர மெய்யெல்லாம் வலக்கையில், க ப ம த நான்கும் நடு வரிசையிலேயே வரிசையாக. உங்களுக்கு முதலில் தேய்வதும் அவையாகத்தான் இருக்கும்.

தொண்டி பலகை:

கீகேப் பிபிடி பிளாஸ்டிக்கில் எடுங்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் தேய்ந்து பளபளத்துவிடும். 65%-க்கு வலது ஷிஃப்ட் பெரும்பாலும் 1.75 அளவு (ஒரு எழுத்துக் கீயைப் போல் 1.75 மடங்கு அகலம்). பெட்டியில் அது இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்து அச்சிட்டது தேடி அலைய வேண்டாம். பார்க்காமல் அடிப்பவருக்குத் தேவையில்லை, கடையில் இன்னொருவர் உட்கார்வார் என்றால் ஸ்டிக்கர் போதும்.

தங்கச்சிமடம் டைப்பிங் கடை:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன 65% பிளாஸ்டிக் கிட், பாக்ஸ் ரெட், பிபிடி கீகேப் வாங்கிக் கோர்த்துவிட்டேன். காந்தம் ஒட்டவில்லை. அடிக்க மிக இதமாக இருக்கிறது, மாலையில் விரல் வலிக்கவில்லை. இரண்டு சிக்கல். ழ மட்டும் விழவில்லை. ஸ்பேஸ் பார் கடகடக்கிறது.

தொண்டி பலகை:

ழ இருக்கும் சுவிட்சைக் கழற்றிக் காலைப் பாருங்கள். ஒன்று மடிந்து அடியில் படுத்திருந்தால் சாமணத்தால் நேராக்கிச் செங்குத்தாக அழுத்துங்கள். கால் நேராக இருந்தால் கேபிள் செருகியபடியே அந்தச் சாக்கெட்டின் இரண்டு தொடர்பையும் சாமணத்தால் ஒருசேரத் தொடுங்கள். எழுத்து விழுந்தால் சுவிட்ச்தான் கோளாறு. விழாவிட்டால் சாக்கெட்.

ஸ்பேஸ் பாருக்கு, நீளக் கீ சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள். முனையில் மட்டும் இல்லை, கம்பி முழுக்க மெல்லிதாக. அந்தக் கம்பி இரும்பு. ஓசையும் அடங்கும், துருவும் தள்ளிப்போகும். சுவிட்சின் உலோக இதழில் மட்டும் எந்தக் கிரீஸும் படக்கூடாது.

தங்கச்சிமடம் டைப்பிங் கடை:

கால் நேராகத்தான் இருக்கிறது. சாமணத்தால் தொட்டும் விழவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தேன், அந்தச் சாக்கெட் ஒரு பக்கம் முடி அளவு தூக்கி நிற்கிறது. கடகடப்பு கிரீஸில் அடங்கிவிட்டது.

மண்டபம் முகாம்:

அப்படியானால் ஈயப் பற்று விட்டிருக்கிறது. செல்போன் சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோங்கள். சாக்கெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கப் பற்றை மட்டும் உருக்கி, கொஞ்சம் ஈயம் சேர்த்தால் போதும். ஹாட் ஏர் வேண்டாம், சாக்கெட் பிளாஸ்டிக் இளகும். சாதாரண சால்டரிங் முனையே சரி. இனி சுவிட்ச் மாற்றும்போது கேஸைத் திறந்து சாக்கெட்டுக்கு அடியில் ஒரு விரல் கொடுத்து அழுத்துங்கள். கைல் சாக்கெட் 100 முறை வரை சுவிட்ச் மாற்றத் தாங்கும் என்றுதான் சொல்கிறார்கள், காரணமில்லாமல் கழற்றி மாட்ட வேண்டாம்.

தங்கச்சிமடம் டைப்பிங் கடை:

ராமேஸ்வரத்தில் செல்போன் கடையில் பற்ற வைத்தாயிற்று. ழ விழுகிறது. மீதி சுவிட்சுகளை எப்படி வைப்பது அண்ணே? வந்த பிளாஸ்டிக் பையிலேயே விடலாமா?

மண்டபம் முகாம்:

பை வேண்டாம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். இரவில் கடை பூட்டும்போது கீபோர்டின் மேல் ஒரு மூடி கவிழ்த்துவிடுங்கள். ஈரத் துணியால் துடைக்காதீர்கள். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, கீகேப்பை மட்டும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.