பணியில் பட்ட அடி, விடுப்பில் கழிந்த நாட்கள்

கிராம சுகாதார செவிலியர், பென்னாகரம் வட்டம்:

தடுப்பூசி போடும் புதன்கிழமை ஒன்றில், ஐஸ் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டரின் முன்புறம் வைத்துக்கொண்டு மலையோரக் கிராமத்துக்குச் சென்றபோது, ஜல்லி சிதறிக் கிடந்த வளைவில் வண்டி சறுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது. பெட்டியின் மூடி திறந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தேன். கை வீங்கியிருந்ததை அதன் பின்னரே கவனித்தேன். மருத்துவ விடுப்பு என்று எழுதிக் கொடுத்தால் விரைவில் முடியும் என அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வாறே எழுதினேன், 45 நாட்கள் என் கணக்கில் கழிந்தன.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், தருமபுரி:

சகோதரி, ‘விரைவில் முடியும்’ என்பதை நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று அதற்கு வருந்துகிறேன். கடமையின் பொருட்டுத் தாக்கப்பட்டவருக்கு, தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 83-இன் கீழும், பணியின்போது எதிர்பாராமல் காயமுற்றவருக்கு 83-ஏ-இன் கீழும் சிறப்பு இயலாமை விடுப்பு உண்டு. 24 மாதங்கள் வரை வழங்கக்கூடிய அது, விடுப்புக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. ஆனால் பாதிப்பு மூன்று மாதங்களுக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும். மேலதிகாரிக்குத் தாமதமின்றித் தெரிவித்திருக்கவும் வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அன்றைய பயணத் திட்ட நகல், மருத்துவச் சான்று ஆகியவற்றைத் திரட்டுவதற்குள் மாவுக்கட்டே பிரிக்கப்பட்டுவிடும் என்பதால், எழுத்தரும் ஊழியரும் சேர்ந்தே மருத்துவச் சான்றின் பேரிலான ஈட்டா விடுப்புக்கு, அதாவது நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த மருத்துவ விடுப்புக்குப் போய்விடுகிறோம். ஆண்டு இறுதியில் கோப்புகளைப் பார்த்தால், அந்த அலுவலகத்தில் யாருக்கும் பணியில் அடியே படவில்லை என்று தோன்றும்.

நோய் என்றால் இன்னும் கடினம். வத்தல்மலைக்கும் சித்தேரிக்கும் பதினெட்டு ஆண்டுகள் ஜீப் ஓட்டியவரின் முதுகெலும்பு தேய்ந்தபோது, அந்தக் குறிப்பிட்ட பணியால் நேரடியாக வந்தது என்ற சான்று தேவைப்பட்டது. ‘வயது காரணமாகவும் இருக்கலாம்’ என்ற வரியுடன் சான்று வந்தது. கோப்பு அத்துடன் முடிந்தது.

வேட்டைத் தடுப்புக் காவலர், தேன்கனிக்கோட்டை வட்டம்:

கண்காணிப்பாளர் ஐயா குறிப்பிட்ட விடுப்பு, தொகுப்பூதியத்தில் இருக்கும் எங்களுக்குக் கிடைப்பதில்லை. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து ஜவளகிரிப் பக்கம் யானைகள் இறங்கும். விடிய விடிய அவற்றைத் திருப்பி அனுப்பும் பணியில் இருந்தபோது, வரப்பில் கால் மடங்கி முழங்கால் ஜவ்வு கிழிந்தது. வராத நாளுக்கு ஊதியம் இல்லாததால், இரண்டாம் வாரமே கட்டுடன் டார்ச் லைட் பிடிக்கச் சென்றேன். ஓட முடியாதவன் என்பதால் ஜீப்பின் அருகிலேயே நிற்கச் சொன்னார்கள்.