கொடைக்கானல் டு பழனி, அம்மாவோட ஒரே நாள்ல போய்ட்டு வர முடியுமா?

கொடைக்கானல்ல இருந்து அம்மாவ கார்ல பழனி கூட்டிட்டு போய் அன்னைக்கே திரும்பணும், முட்டி வலி, படி ஏற மாட்டாங்க. என்ன பண்ணலாம்?

பதில் 1: சுமார் 65 கிமீ தாங்க, ஆனா முழுக்க வளைவு, விடிஞ்சதும் கிளம்பிடுங்க, பெருமாள்மலை பக்கம் பனிமூட்டம்னா பொறுமையா ஓட்டுங்க. அடிவாரத்துல திருஆவினன்குடி முருகன் கோயில கும்பிட்டுட்டு மேல போறதுதான் முறை. காத்து பலமா அடிச்சா ரோப் கார நிறுத்திடுவாங்க, அதனால படி ஏறாம மேல போக நான் சொல்றது வின்ச்தான், அதாவது தண்டவாளத்துல இழுத்துட்டு போற வண்டி.

பதில் 2: செல்போன கார்லயே வச்சிடுங்க, 2023 அக்டோபர்ல இருந்து மேல கோயில்ல அதுக்கு தடை. போகர் சித்தர் ஒன்பது பாஷாணம் சேர்த்து செஞ்சதா சொல்ற நவபாஷாண முருகன், பார்த்தாலே கண்ணு நிறைஞ்சிடும்ங்க.

பதில் 3: பஞ்சாமிர்தம் மறக்காதீங்க! நம்ம மலை விருப்பாச்சி வாழைப்பழத்துல செய்றது, விரல்ல பிசுபிசுன்னு ஒட்டணும், அதான் பதம். தேவஸ்தான ஸ்டால்ல வாங்குங்க.