நீச்சல் குளத்தில் 750 மீட்டர் போகிறேன், ஏரியில் 100 மீட்டரிலேயே மூச்சுத் திணறுகிறது: முதல் டிரையத்லானுக்கு 9 வாரம் இருக்கிறது, உதவுங்கள்

முதல்முயற்சி:

வணக்கம். என் முதல் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஸ்பிரிண்ட் தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எனக்கு வயது 41. மூன்று வருடமாக ஓடுகிறேன், 10 கிலோமீட்டர் வரை பயமில்லை. சைக்கிளில் 30 கிலோமீட்டர் போய்விடுவேன். நீச்சலை மட்டும் போன வருடம்தான் கற்றுக்கொண்டேன். 25 மீட்டர் நீச்சல் குளத்தில் 30 தடவை நிற்காமல் போகிறேன், சுமார் 20 நிமிடம் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக ஏரியில் இறங்கினேன். அனுபவமுள்ள நண்பர் ஒருவரும் கூட வந்தார். நூறு மீட்டர்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், மூச்சு மேலேயே நின்றுவிட்டது. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே முடியவில்லை. கை கால் வலி எதுவும் இல்லை, காற்றுதான் போதவில்லை. நண்பர் என்னை மல்லாந்து படுக்கச் சொல்லி, கூடவே வந்து கரை சேர்த்தார். அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நீந்தும் தெம்பு எனக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இது தெம்பு இல்லாததால் வருவதா, பயத்தால் வருவதா? இன்னும் அதிக தூரம் குளத்தில் நீந்தினால் சரியாகுமா?

இன்னொன்று: சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் முதல் ஒரு கிலோமீட்டர் கால் என்னுடையதாகவே இல்லை. இது எல்லோருக்கும் வருவதா?


நீர்வழி:

பதில் சொல்லும் முன் சில கேள்விகள். தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது? இறங்கியதும் நீந்த ஆரம்பித்துவிட்டீர்களா, கொஞ்ச நேரம் நின்றீர்களா? வெட்சூட் (குளிர் தாங்க நீச்சலுக்குப் போடும் இறுக்கமான ரப்பர் உடை) போட்டிருந்தீர்களா, உங்களுடையதா? தண்ணீருக்குள் மூச்சை எப்போது விடுகிறீர்கள்?

முக்கியமான கேள்வி: நெஞ்சு வலித்ததா, தலை சுற்றியதா, இருமலில் நுரை மாதிரி அல்லது இளஞ்சிவப்பாக ஏதாவது வந்ததா? கரைக்கு வந்து எவ்வளவு நேரத்தில் மூச்சு சீரானது?


முதல்முயற்சி:

தண்ணீர் 19 டிகிரி என்று நண்பர் சொன்னார். கரையிலிருந்து இறங்கி நேராக நீந்தினேன். நண்பர் முன்னால் போய்விட்டார், அவரைப் பிடிக்கவேண்டும் என்று வேகமாகப் போனேன். வெட்சூட் இரவல் வாங்கியது, கழுத்தில் நன்றாக இறுக்கியது. வலி, இருமல் எதுவும் இல்லை. கரையில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

மூச்சை எப்போது விடுகிறேன் என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கே தெரியவில்லை.


நீர்வழி:

அந்தக் கடைசி வரியில்தான் பாதி விடை இருக்கிறது. உங்களுக்கு நடந்தது ஒரு காரணத்தால் வந்தது இல்லை, நான்கு காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டன.

முதலாவது குளிர். உடம்பின் தோல் சட்டென்று குளிர்ந்தால் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்போம், அப்புறம் மூச்சு தாறுமாறாக ஓடும், இதயமும் வேகமாக அடிக்கும். இது உடம்பின் இயல்பான எதிர்வினை. உங்கள் மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் ஒரு நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கும். நீங்கள் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் வேகமாக நீந்திக் கழித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, மூச்சை விடாமல் பிடித்துக்கொள்வது. தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே மூக்காலும் வாயாலும் தொடர்ந்து காற்றை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படி விடாமல், தலையைத் திருப்பிய அந்த நொடியில் விடவும் இழுக்கவும் இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டுமே பாதிதான் நடக்கும். பழைய காற்று நுரையீரலில் தங்கிப்போகும், கரியமில வாயு கூடும். “காற்று போதவில்லை” என்று தோன்றுவது பெரும்பாலும் அதனால்தான். உள்ளே காற்று இருக்கிறது, வெளியே போகாமல் இருக்கிறது.

மூன்றாவது, சுவர். நீச்சல் குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு தடவை சுவரைத் தொடுகிறீர்கள், ஒரு மூச்சு கூடுதலாக எடுக்கிறீர்கள், உதைத்துச் சில மீட்டர் சும்மா வழுக்கிப் போகிறீர்கள். 750 மீட்டரில் 29 தடவை இந்தச் சலுகை கிடைக்கிறது. ஏரியில் ஒன்றுகூட இல்லை. அதனால் உங்கள் 750 பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அதே நீளமுள்ள இன்னொரு வேலை இது.

நான்காவது அந்தக் கழுத்து. கழுத்தில் இறுக்கும் வெட்சூட் தொண்டையைப் பிடித்தது போலவே இருக்கும், மூச்சுத் திணறலை இரட்டிப்பாக்கும். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆக, குளத்தில் தூரத்தைக் கூட்டுவதால் இது தீராது. இதைச் செய்து பாருங்கள். குளத்தில் வாரம் ஒரு நாள் முதல் பத்து நிமிடம், விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து முனகுவது போல மெதுவாகக் காற்றை விடுங்கள், தலையைப் பக்கவாட்டில் திருப்பி எடுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். அப்புறம் சுவருக்கு இரண்டு மீட்டர் முன்பே திரும்பி, சுவரைத் தொடாமல் உதைக்காமல் நீந்துங்கள். 100 மீட்டர் அப்படிப் போக முடிந்தால் 200, பிறகு 400.

ஏரியில் இறங்கும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தையும் பின்கழுத்தையும் நனையுங்கள். மூச்சு தன் வழக்கத்துக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள். அதன்பின் கரையை ஒட்டி, கால் எட்டும் ஆழத்தில் 50 மீட்டர். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். பளிச்சென்ற நிறத் தொப்பியும், இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் மிதவையும் வைத்துக்கொள்ளுங்கள்.


மெதுவோட்டம்:

நீர்வழி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வலி இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், சந்தோஷம். ஆனாலும் 41 வயதில் முதல் போட்டி, ஒரு தடவை மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், இதயம் இரண்டையும் சோதித்துவிடுங்கள். டிரையத்லானில் நடந்த மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடந்திருக்கின்றன. பயமுறுத்தச் சொல்லவில்லை. இருமலில் நுரை வந்தாலோ, மூச்சில் கரகரப்பு கேட்டாலோ அது நுரையீரலில் நீர் சேர்வதாக இருக்கலாம். பயம் என்று நினைத்துச் சமாளிக்கப் பார்க்காமல் கையை உயர்த்தி உடனே வெளியே வந்துவிடவேண்டும்.


இருசக்கரம்:

எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. வெட்சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அளவு சரியாக உள்ள ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அது மிதக்க வைக்கும், கால் கீழே தொங்காது. புதிதாக வருகிறவருக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது.


நீர்வழி:

அளவு சரியாக இருந்தால் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை நம்பியே தயாராகக் கூடாது. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவினருக்கு (உங்களைப் போலத் தொழில்முறை அல்லாத போட்டியாளர்களுக்கு) 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட் போட அனுமதி இல்லை. போட்டி நாளன்று தண்ணீரை அளந்து பார்த்துத்தான் அறிவிப்பார்கள். அன்று காலை “வெட்சூட் கிடையாது” என்று கேட்டால் உங்களுக்குக் கை நடுங்கக் கூடாது. ஒரு நாள் போட்டுக்கொண்டும் ஒரு நாள் போடாமலும் பழகுங்கள்.


இருசக்கரம்:

சரி, அது நியாயம்.

கால் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் வருவதுதான். சைக்கிளில் கால் வட்டமாகச் சுற்றிப் பழகியிருக்கிறது, இடுப்பு மடங்கியே இருந்திருக்கிறது. இறங்கியதும் உடம்பு எடையைத் தூக்கி ஓடு என்றால் கொஞ்ச நேரம் தடுமாறத்தான் செய்யும். இதற்கென்றே உள்ள பயிற்சியை ‘பிரிக்’ என்பார்கள்: சைக்கிள் முடிந்த கையோடு ஓட்டம். வாரம் ஒரு நாள் போதும். 45 நிமிடம் சைக்கிள், உடனே 10 நிமிடம் மெதுவாக ஓட்டம். நீளமாக ஓடத் தேவையில்லை, அந்த முதல் பத்து நிமிடத்தைத்தான் கால் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரை ஒரு படி இலேசாக்கி நிமிடத்துக்கு 90 சுற்று அளவில் மிதியுங்கள். ஓடத் தொடங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள்.

டிரான்சிஷன் (நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் கட்டம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புதியவர்களுக்குத் தண்டனை கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஹெல்மெட்டைப் போட்டுக் கொக்கியை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கவேண்டும். திரும்பி வந்து சைக்கிளை மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்றவேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கவேண்டும். முன்னால் போகிற சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதற்கு டிராஃப்டிங் என்று பெயர். உங்கள் போட்டியில் அதற்கு அனுமதி இல்லையென்றால், ஸ்பிரிண்டில் பொதுவாக 10 மீட்டர் இடைவெளி விடவேண்டும், முந்தப் போனால் 20 நொடிக்குள் முந்திவிடவேண்டும். காதில் பாட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் போட்டிக்கான விதிக் குறிப்பை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.


முதல்முயற்சி:

நான்கு வாரம் கழித்து வருகிறேன். மருத்துவரைப் பார்த்தேன், ஓடுங்கள் நீந்துங்கள் என்று சொல்லிவிட்டார்.

சுவரைத் தொடாமல் நீந்தியதில் முதல் நாள் 75 மீட்டரில் நின்றுவிட்டேன். 750 போகிறவள் என்று நினைத்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது 400 வந்திருக்கிறது. மூச்சை விட்டுக்கொண்டே இருப்பது மூன்றாவது வாரத்தில்தான் பிடிபட்டது. தண்ணீருக்குள் குமிழி சத்தம் எனக்கே கேட்கிறது, அது நின்றால் நான் மூச்சைப் பிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொள்கிறேன்.

ஏரியில் இரண்டு தடவை இறங்கினேன். இரண்டாவது தடவை இடுப்பளவில் முழுசாக மூன்று நிமிடம் நின்றேன். 300 மீட்டர் போனேன்! ஆனால் நேராகப் போகவில்லை, இடது பக்கமாக வளைந்து வளைந்து போயிருக்கிறேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் கால் மூழ்கி மூச்சு மறுபடி கெடுகிறது. என்ன செய்வது? போட்டியில் கூட்டத்துக்கு நடுவே மூச்சு கெட்டால் என்ன செய்வது?


நீர்வழி:

75 மீட்டரில் நின்ற அந்த நாள்தான் உங்களுக்கு உண்மையான பயிற்சி தொடங்கிய நாள்.

திசை பார்ப்பதற்குத் தலையை முழுதாகத் தூக்க வேண்டாம், முதலை மாதிரி கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். கண் மேலே வந்ததும் பார்த்துவிட்டு, அதே அசைவில் பக்கவாட்டில் திரும்பி மூச்சு எடுங்கள். முன்பக்கம் பார்த்தபடி மூச்சு எடுக்காதீர்கள், கால் மூழ்குவது அதனால்தான். எட்டு கைவீச்சுக்கு ஒரு தடவை பாருங்கள். பாதையைக் காட்டும் மிதவை கண்ணில் படவில்லையென்றால் மறுபடி அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம், நின்று தேட வேண்டாம். மிதவைக்குப் பின்னால் கரையில் உயரமாகத் தெரியும் மரத்தையோ கட்டடத்தையோ முன்பே குறித்துவைத்தால் இன்னும் எளிது.

கூட்டத்தில் பின்வரிசையில், ஓரமாக நில்லுங்கள். சங்கு ஊதியதும் பத்து நொடி எண்ணிவிட்டுப் புறப்படுங்கள். மூச்சு கெட்டால் மல்லாந்து படுங்கள், வானத்தைப் பார்த்து நீளமாக மூச்சை விடுங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் (தவளை நீச்சல்) போகலாம், எந்த வகை நீச்சலுக்கும் அனுமதி உண்டு. காவல் படகையோ கயாக்கையோ பிடித்து ஓய்வெடுக்கவும் செய்யலாம், அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாதவரை விதிமீறல் இல்லை. இதையெல்லாம் ஏரியில் வேண்டுமென்றே செய்து பழகுங்கள்: நூறு மீட்டர் நீந்தி, மல்லாந்து, மறுபடி திரும்பி நீந்துங்கள். அன்று முதல் தடவையாகச் செய்யக் கூடாது.


மெதுவோட்டம்:

கடைசி வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். விட்டதைப் பிடிக்க அந்த வாரத்தில் எதையும் கூட்டாதீர்கள். புது ஷூ, புது நீச்சல் கண்ணாடி, குடித்துப் பழகாத பானம், எதுவும் அன்று வேண்டாம். கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.


முதல்முயற்சி:

முடித்துவிட்டேன். தண்ணீர் 23 டிகிரி, வெட்சூட் கிடையாது என்று காலையில் அறிவித்தார்கள். பக்கத்தில் இரண்டு பேர் பதறினார்கள், எனக்குப் பதற்றம் வரவில்லை. முதல் மிதவைக்கு முன்னால் யாரோ உதைத்ததில் கண்ணாடி நழுவி மூச்சு கெட்டது. மல்லாந்து படுத்தேன், பத்து மூச்சு எண்ணினேன், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி திரும்பினேன். நீச்சல் 23 நிமிடம். தண்ணீரிலிருந்து வெளியே வந்தவர்களில் கடைசியிலிருந்து ஆறாவது ஆள்.

சைக்கிள் நன்றாகப் போயிற்று. ஓட்டத்தில் கால் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கிடைத்துவிட்டது. நீர்வழி, இருசக்கரம், மெதுவோட்டம், மூவருக்கும் மனதார நன்றி. அடுத்தது 1500 மீட்டர் நீச்சல் உள்ள ஒலிம்பிக் தூரம் போகலாமா என்று யோசிக்கிறேன். எத்தனை மாதம் விடவேண்டும்?


நீர்வழி:

வாழ்த்துகள். வாரம் மூன்று நாள் நீந்த முடியும் என்றால் நான்கு மாதம் விடுங்கள். முதல் ஒரு மாதம் தூரத்தைக் கூட்டவே வேண்டாம், இரண்டு பக்கமும் மூச்சு எடுக்கப் பழகுங்கள். இடது பக்கமாக வளைந்து போனீர்கள் அல்லவா, அதற்கும் அது உதவும்.