ப்ளூ எல்இடி, கார்பன் நைட்ரைடு: வேலை செய்றது வெளிச்சமா, சூடா?

பென்சீன்வளையம்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு பென்சைல் ஆல்கஹால பென்சால்டிஹைடா மாத்திட்டு இருக்கேன். யூரியாவ 550 டிகிரில சுட்டு எடுத்த கார்பன் நைட்ரைடு பவுடர் (வெளிச்சத்த உறிஞ்சி ரியாக்‌ஷன நடத்துற கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கி), 450 நானோமீட்டர் ப்ளூ எல்இடி, ஆக்சிஜன் பலூன், அவ்ளோதான். இதுக்கு வழக்கமா போடற, விஷத்தன்மை உள்ள குரோமியம் தொடாம பண்ணணும்னு ரொம்ப ஆசையா ஆரம்பிச்சது. இப்போ கைடு, இது லைட்டால நடக்குதா இல்ல எல்இடி சூட்டுல நடக்குதான்னு கேக்குறார், பதில் சொல்லத் தெரியல. அதோட அதே பவுடர கழுவி மூணாவது தடவ போட்டா கன்வெர்ஷன் (ஆல்கஹால் எத்தன சதவீதம் மாறுதுங்கறது) இறங்குது. பேசாம டைட்டானியாக்கு (டைட்டானியம் டை ஆக்சைடு, இதே மாதிரி வெளிச்சத்துல வேலை செய்ற இன்னொரு பவுடர்) மாறிடவா?

கரிமம்:
அவசரப்படாதீங்க. டைட்டானியா அனடேஸோட (அதோட ஒரு படிக வடிவம்) பேண்ட் கேப், அதாவது அதுல எலக்ட்ரான கிளப்பிவிட வெளிச்சம் கொடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதுக்கு 387 நானோமீட்டருக்குக் கீழ யூவி வேணும், சூரிய வெளிச்சத்துலயே யூவி 5 சதவீதம் கிட்டதான். உங்க பவுடருக்கு 2.7, அதனால 460 வரைக்கும் உறிஞ்சும், மஞ்சளா தெரியறதும் அதுனாலதான். சூடு விஷயத்துக்கு, லைட் எரியும்போதே ஃப்ளாஸ்க்குக்குள்ள தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்க, அப்புறம் அதே டெம்பரேச்சர்ல ஆயில் பாத்ல ஃபாயில் சுத்தி அதே நேரம் ஓட்டுங்க. சும்மா லைட்ட அணைச்சு ரூம் டெம்பரேச்சர்ல வச்சுட்டு டார்க் கன்ட்ரோல்னு (வெளிச்சம் இல்லாம ஓட்டுற ஒப்பீட்டுச் சோதனை) எழுதறது பத்தாது, ஏன்னா அதுல லைட்டோட எல்இடி சூடும் சேர்ந்து போயிடுது.

மஞ்சள்பவுடர்:
டைட்டானியா பத்தி சின்ன திருத்தம். பென்சைல் ஆல்கஹால் அது மேல ஒட்டிக்கிட்டு உண்டாகுற சர்ஃபேஸ் காம்ப்ளெக்ஸ் விசிபிள் லைட்டையும் உறிஞ்சும், அதனால அதுலயும் ப்ளூ லைட்ல இந்த ரியாக்‌ஷன் நடக்கும். ஆனா மாறுறதுக்கு இது காரணம் ஆகாது. மூணாவது தடவ இறங்குதுன்னா மொதல்ல பவுடர எடை போடுங்க, ஃபில்டர்லயும் ட்யூப்லயும் கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும். எடை சரியா இருந்தா பென்சால்டிஹைடு மேலும் ஆக்சிஜனேற்றமாகி வர்ற பென்சாயிக் ஆசிட் பவுடர் மேல ஒட்டிருக்கலாம், ஐஆர் (இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம்) எடுங்க, மெத்தனால்ல நல்லா கழுவுங்க. இன்னொண்ணு, கடைசி கன்வெர்ஷன மட்டும் பாக்காம முதல் ஒரு மணி நேரத்து வேகத்தையும் ஒப்பிடுங்க, எல்லாமே 100 சதவீதத்துல போய் முடிஞ்சா கேட்டலிஸ்ட் பாதி செத்துருந்தாலும் தெரியாது.

கரிமம்:
கிரீன்னு (சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவான முறைன்னு) ரிப்போர்ட்ல போடறதுக்கு முன்னாடி கழுவுற சால்வென்ட் அளவையும் கணக்குல சேருங்க, பெரும்பாலும் கழிவு அங்கதான் இருக்கு. இத்தாலிய வேதியியலாளர் சியாமிசியன் 1912லயே தொழிற்சாலைங்க வெயில்ல ஓடணும்னு எழுதினார், நாம அதுக்கு உண்மையான கணக்காவது கொடுக்கணும்.

பென்சீன்வளையம்:
பாத்துட்டேன்! ஃப்ளாஸ்க்குக்குள்ள 46 டிகிரி இருக்கு, நான் 27னு நெனச்சுட்டு இருந்தேன். 46ல ஃபாயில் சுத்தி ஓட்டினதுல ஜிசில (கேஸ் குரோமடோகிராஃபி, கலவைல என்னென்ன இருக்குன்னு காட்டற கருவி) பென்சால்டிஹைடு பீக்கே இல்ல, அப்போ லைட்டுதான். பவுடர் 50 மில்லிகிராம் போட்டது இப்போ 31தான் இருக்கு. இனி ஃபில்டருக்குப் பதிலா சென்ட்ரிஃப்யூஜ்.